சோற்றுக் கணக்கும் கூலிக் கணக்கும்

விருந்தோம்பல் தமிழ் இலக்கியத்தின் மிகப் பழைய பொருள்களுள் ஒன்று. திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே உண்டு. நம் இல்லங்களிலும் ஒரு ஸஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்பதை அன்பின் அடையாளமாகவே போற்றி வந்திருக்கிறோம். உண்பவரின் பசியையும் ஊட்டுபவரின் உள்ளத்தையும் நம் எழுத்தாளர்கள் நன்கு அறிவார்கள். ஆயினும், உணவு விலைக்கு விற்கப்படும் இடமும் ஒன்று உண்டு. அங்கே கூலிக்குச் சமைப்பவர், கூலிக்குப் பரிமாறுபவர், கூலிக்குக் கழுவுபவர் என மூவகையினர் இருக்கின்றனர். இவர்களை நம் எழுத்தும் திரைப்படமும் எவ்வாறு கண்டிருக்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதைப் பேச நமக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். பெரிய தகுதி ஒன்றுமில்லை. கள்ளக்குறிச்சியில் நம் தாய்வழி உறவினர் ஒருவர் உணவு விடுதி நடத்திவந்தார். 1980களின் முற்பகுதியில், பள்ளி விடுமுறை நாட்களில், அவருடைய கல்லா மேசையில் அமர்ந்து பேரேடு எழுதும் வேலை நமக்குக் கிடைத்தது. எழுத்து அழகாக இருக்கிறது என்பதே அதற்குக் காரணம். அந்த மேசையிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் சாப்பிடுகிறவர்கள் தெரிவார்கள். மறுபக்கம் சமையற்கட்டின் வாசல் தெரியும். இரண்டையும் ஒருசேரப் பார்த்த அந்தப் பார்வையே இக்கட்டுரைக்கு அளவுகோல்.

வாசலுக்கு அப்பால்

கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தின் வட்டத் தலைநகரங்களுள் ஒன்று. 1993இல் விழுப்புரம் மாவட்டத்தோடு சேர்ந்து, 2019இல் தானே ஒரு மாவட்டத்தின் தலைநகராயிற்று. மேற்கே கல்வராயன் மலை. கீழே கரும்பும் நெல்லும் விளையும் சமவெளி. நடுவே சேலத்துக்குச் செல்லும் பெருஞ்சாலை. லாரிக்காரர்கள், நீதிமன்றத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் வந்தவர்கள், மலையிலிருந்து கடுக்காயும் புளியும் கொண்டுவந்து விற்றவர்கள் என எல்லாரும் உண்ணும் ஊர் அது.

உணவு விடுதியின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். நான்கு மணிக்கு டீ மாஸ்டர் பாய்லருக்குத் தீ மூட்டுவார். ஐந்து மணிக்கு இட்லிக் கொப்பரையில் ஆவி எழும். பதினொரு மணிக்குள் சோறு வடித்து, குழம்பு இறக்கியாக வேண்டும். மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்தால், பரோட்டா மாஸ்டர் மைதாவைக் கொட்டிப் பிசையத் தொடங்குவார். பிசைந்த மாவு ஊற வேண்டும். உருண்டை பிடித்து எண்ணெயில் போட வேண்டும். மாலையில் ஒவ்வோர் உருண்டையையும் தட்டி, வீசி, சுருட்டி, கல்லில் போட்டு, வெந்ததும் அடுக்கி இரு கைகளாலும் அடிக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு அது வித்தை. செய்பவருக்கு அது தோள்வலி. இரவு பதினொன்றரைக்குக் கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் அண்டாக்களும் குண்டான்களும் கழுவுமிடத்துக்கு வரும்.

சப்ளையர் என்று நாம் அழைக்கும் பரிமாறுநர் அக்காலத்தில் சீட்டு எழுதுவதில்லை. நான்கு மேசைகளில் பதினாறு பேர் உண்டதைத் தம் நினைவில் வைத்திருப்பார். ஒருவர் எழுந்து கைகழுவி வருவதற்குள் கூட்டிப்போட்டு, கல்லாவை நோக்கித் தொகையை உரக்கச் சொல்லுவார். நாம் எழுதும் கணக்குக்கு அவருடைய குரலே சான்று. பிசகினால் பிசகிய தொகை அவர் கூலியில் கழியும். நாள் முழுவதும் நிற்பதால் அவர் கெண்டைக்காலில் நரம்புகள் சுருண்டு பச்சையாய்ப் புடைத்திருக்கும். பகலில் சிறிது நேரம் ஓய்வு உண்டு; ஆனால் உட்கார அவருக்கென்று இடமில்லை. நாற்காலிகள் எல்லாம் உண்பவர்களுக்கே உரியவை.

இவர்கள் அனைவரிலும் நீண்ட நாளை உடையவன் பாத்திரம் கழுவும் பையன். யாவருக்கும் முன்னே எழுந்து தண்ணீர் நிரப்பியாக வேண்டும். யாவரும் உறங்கச் சென்ற பின்னும் அண்டாவைத் தேய்த்தாக வேண்டும். அந்த விடுதியில் அவ்வேலையைச் செய்தவன் கல்வராயன் மலையிலிருந்து வந்தவன். சாம்பலும் சோப்பும் கலந்த நீரிலேயே நின்றதால் அவன் கைவிரல்களுக்கும் கால்விரல்களுக்கும் இடையே சேற்றுப்புண் ஆறாமல் இருந்தது. ஊரெல்லாம் அந்த விடுதியின் சால்னாவுக்காக வரிசையில் நிற்க, அவன் மட்டும் தயிர்ச்சோறே உண்பான். சால்னாவை விரும்பாதவன் அல்லன். மிளகாயும் உப்பும் பட்டால் விரல் எரியும்.

ரமலான் மாதத்தில் மட்டும் அவனுக்கு ஒரு புதிய மதிப்பு வரும். பரோட்டா மாஸ்டரும் சரக்கு மாஸ்டரும் நோன்பாளிகள். கொதிக்கும் குழம்பின் முன் பகல் முழுவதும் நின்றும் ஒரு துளி நாவில் வைக்க மாட்டார்கள். ஆதலால் உப்புப் பார்க்க அந்தப் பையனையே அழைப்பார்கள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கரண்டியை வாங்கி, கண்ணை மூடிச் சுவைத்துத் தீர்ப்புச் சொல்லுவான். மஃரிப் பாங்கு ஒலித்ததும் நோன்புக் கஞ்சிக்கு எல்லாரும் வரிசையாய் அமரும்போது அவனும் அவர்களுக்கிடையே அமர்வான். ஆண்டில் அந்த ஒரு மாதம் அவன் நாற்காலியில் உட்கார்ந்து உண்டதை நாம் கண்டிருக்கிறோம்.

உணவு சமைத்துக் கொண்டுவந்த பணியாளரை உடன் அமர்த்தி உண்ணச் செய்ய வேண்டும்; அது இயலாவிடில் ஓரிரு கவளமேனும் அவருக்கு அளிக்க வேண்டும்; ஏனெனில் அடுப்பின் வெப்பத்தைத் தாங்கியவர் அவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி இது. இதில் நம்மைக் கவர்வது இறுதியில் சொல்லப்படும் காரணம். பணியாளர் ஏழை என்பதற்காக அன்று, வெப்பத்தைத் தாங்கினார் என்பதற்காகவே அந்தக் கவளம் அவருக்கு உரியதாகிறது. அது இரக்கமன்று, உரிமை. ஓர் உணவு விடுதியைப் பற்றிய கதையையோ படத்தையோ மதிப்பிடும்போதும் இதையே கேட்கலாம்: அந்த வெப்பம் அதில் இருக்கிறதா?

சுந்தரத்தின் தட்டு

உணவு விடுதித் தொழிலாளி என்றதும் தமிழர் நினைவுக்கு முதலில் வருவது 1964இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்'. கே. பாலசந்தரின் எழுத்தில், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில், நாகேஷ் நடித்த படம். ஒரு சர்வரைக் கதைத்தலைவனாக நிறுத்திய துணிவு அக்காலத்தில் சிறிதன்று. அடுக்கடுக்காய்க் குவளைகளை ஏந்திக்கொண்டு நாகேஷ் நடந்துவரும் காட்சியைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை.

ஆனால் அந்தக் காட்சியை இன்று மீண்டும் பார்க்கையில் நமக்கு வேறொன்று தோன்றுகிறது. குவளைகள் சரியாமல் வந்து சேர்கின்றன, நாம் கைதட்டுகிறோம். கீழே விழுந்தால் அதன் விலை யார் கூலியில் கழியும் என்ற எண்ணம் நமக்கு எழுவதில்லை. கழைக்கூத்தாடியின் திறமையாக ஒரு தொழிலாளியின் திறமை மாறிவிடுகிறது. அன்றாடம் நூறு முறை செய்யப்படுவது ஒரு முறை செய்யப்படும் வித்தையாகக் காட்டப்படும்போது, அதிலுள்ள உழைப்பு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது.

சுந்தரம் பின்னர் திரைப்பட நடிகனாகிப் புகழின் உச்சிக்குச் செல்கிறான். ஒரு சர்வரின் வாழ்வைச் சொல்லப் புகுந்த படம், பாதி வழியிலேயே அவனை விடுதியிலிருந்து வெளியே கொண்டுபோய்விடுகிறது. நடிகனான பிறகு அவனுக்கு நேரும் பெருந்துயரம் தாயின் மரணம். படப்பிடிப்பில் சிக்கிக்கொண்ட மகன் உரிய நேரத்தில் தாயிடம் போய்ச் சேர முடிவதில்லை. அரங்கமே கண்ணீர் விட்ட இடம் அது.

இங்கேதான் நமக்கு ஒரு மறுப்பு உண்டு. வேலை ஒரு மகனைத் தாயின் படுக்கையருகே செல்லவிடாமல் தடுத்துவிடும் என்பது பேருண்மை. படம் அந்த உண்மையைக் கண்டிருக்கிறது. ஆனால் தவறான இடத்தில் வைத்துவிட்டது. நடிகனுக்கு அத்துயரம் ஒரு முறை நேரும் விபத்து. சர்வருக்கோ அது வேலையின் விதி. ஊரெல்லாம் விடுமுறை கொண்டாடும் நாளில்தான் அவனுக்கு வேலை மிகுதி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும், நம் பெருநாளுக்கும், முகூர்த்த நாட்களுக்கும் அவன் ஊருக்குச் செல்ல முடியாது. சுந்தரத்தின் தாய் அவன் சர்வராக இருந்தபோதே நோயுற்றிருந்தால், அவனுக்கு எத்தனை நாள் விடுப்புக் கிடைத்திருக்கும்? அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் படம் இன்னும் உயர்ந்திருக்கும். முடிவில் அவன் மீண்டும் சர்வராகத் திரும்பி வருவதில் ஒரு பெருமிதம் இருக்கிறது. ஆனால் விரும்பித் திரும்புகிறவனுக்கும், வேறு வழியின்றி நிற்கிறவனுக்கும் இடையிலுள்ள தொலைவு மிகப் பெரிது.

நாம் எழுதிய பேரேடு

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்த மலைப் பையனுக்கு ஒருநாள் கச்சிராயபாளையத்திலிருந்து வந்த ஒருவர் மூலம் செய்தி கிடைத்தது. அவன் தந்தை படுத்த படுக்கையாய் இருக்கிறார் என்பது செய்தி. அவன் கல்லா மேசைக்கு வந்து, ஈரக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"முதலாளி, நாலு நாள் ஊருக்குப் போயிட்டு வந்துடறேன்."

"இந்த முகூர்த்தம் ரெண்டும் முடியட்டும்டா. நானே பஸ் ஏத்தி விடறேன்."

நம் உறவினர் கொடியவர் அல்லர். பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது மருத்துவரிடம் தாமே அழைத்துச் சென்றவர். ஆனால் இரண்டு திருமணங்களுக்குச் சாப்பாடு ஏற்றிருந்தார்; கழுவ வேறு ஆள் இல்லை. முகூர்த்தம் முடிய நான்கு நாட்கள் ஆயின. ஐந்தாம் நாள் விடியலில் அவன் பேருந்து ஏறினான். பிறகு திரும்பவே இல்லை. தந்தையின் நிலை என்னவாயிற்று என்பதும் நமக்குத் தெரியவரவில்லை.

மாத முடிவில் பேரேட்டை முடிக்கும்போது, முன்பணமும் பற்றும் கழிந்து, 17 நாட்கூலி அவனுக்கு வரவேண்டியதாக நின்றது. வந்து வாங்கிக்கொள்வான் என்றார்கள். அவன் வரவில்லை. தேடிக் கொடுக்கலாம் என்றால், எங்கே தேடுவது? பேரேட்டின் தலைப்பில் நம் அழகான கையெழுத்தில் இருந்தது 'மலைப் பையன்' என்பதே. அவன் பெயரை நாம் எழுதவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. அவனை அனைவரும் அப்படி அழைத்ததால் நாமும் அப்படியே எழுதினோம்.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழியை அந்த நாட்களில்தான் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தோம். ஓதியதும் எழுதியதும் ஒரே சிறுவன்தான். ஆகவே, பிறருடைய படைப்புகளில் தொழிலாளிக்குப் பெயர் இருக்கிறதா என்று நாம் தேடும்போது, அது குற்றம் சாட்டும் தேடலன்று. நம் குற்றத்தை அறிந்தவரின் தேடல்.

கெத்தேல் சாகிபின் கை

தமிழில் உணவு விடுதியைப் பற்றி எழுதப்பட்ட கதைகளுள் அண்மைக் காலத்தில் மிகுதியாகப் பேசப்பட்டது ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு'. 2011இல் வெளிவந்த 'அறம்' தொகுப்பில் உள்ள கதை அது. திருவனந்தபுரத்தில் சாப்பாட்டுக் கடை நடத்திய கெத்தேல் சாகிப் யாரிடமும் பணம் கேட்பதில்லை. உண்டவர்கள் தமக்கு இயன்றதை ஓர் உண்டியலில் போடலாம், போடாமலும் போகலாம். உறவினர் வீட்டில் எண்ணி எண்ணிப் போடப்பட்ட சோற்றால் அவமானமுற்ற ஏழை மாணவன் ஒருவன் அங்கே ஆண்டுக்கணக்கில் வயிறார உண்கிறான். பின்னாளில் வேலை கிடைத்துப் பெருந்தொகையைக் கொண்டுவந்து போட்டபோதும் சாகிபின் முகத்தில் மாற்றமில்லை. எப்போதும் போல உணவை அள்ளி வைக்கிறார், அவ்வளவே.

நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒருவரை இவ்வளவு உயர்வாகப் படைத்த கதையை நம் இல்லங்களில் பெருமையோடு படித்தோம். அப்பெருமை தகும். தருமம் செய்பவன் முகத்தைக் காட்டிக்கொள்ளலாகாது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்ற அறத்தைக் கதாசிரியர் சொல்லாமலே காட்டிவிடுகிறார். சோற்றுக்குக் கணக்கு வைப்பவர்கள், வைக்காதவர் என்ற எதிர்நிலையில் கதை முழுவதும் நிற்கிறது. எண்ணிப் போட்ட வீட்டின் பெண்ணையே கடைசியில் அவன் மணக்கத் துணியும்போது, எண்ணாமல் போட்டவரிடம் அவன் கற்ற பாடம் வெளிப்படுகிறது. கட்டுக்கோப்பில் குறை சொல்ல இடமில்லை.

ஆயினும், கல்லா மேசையிலிருந்து படிக்கும் நமக்கு ஒரு கேள்வி எஞ்சுகிறது. கதையின் ஒளி முழுவதும் பரிமாறும் கையின்மீதும் உண்பவன் நெஞ்சின்மீதும் விழுகிறது. உள்ளே அரைத்தவர்களும் விறகு தள்ளியவர்களும் கழுவியவர்களும் நிழலில் நிற்கிறார்கள். சோற்றுக்குக் கணக்கில்லாமல் இருக்கலாம். கூலிக்குக் கணக்கில்லாமல் இருக்க முடியுமா? உண்பவர்மீது நம்பிக்கை வைத்து உண்டியலைத் திறந்துவைத்த அந்தப் பெரியவர், தம்மிடம் வேலை செய்தவர்களுக்கு எவ்வாறு கணக்கு முடித்தார்? அவருடைய அறத்தின் மற்றொரு பாதி அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

ஒரு கதையில் இல்லாததைக் குறையாகச் சொல்லுவது திறனாய்வாகாது என்பதை அறிவோம். ஆசிரியர் எழுத எடுத்துக்கொண்டது உண்டவனின் நன்றியை. அதை அவர் நிறைவாகவே எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு மொழியின் கதைகளும் படங்களும் மீண்டும் மீண்டும் ஒரே பக்கத்தில் நின்று பார்க்கும்போது, மறுபக்கத்தைச் சுட்டுவது திறனாய்வின் கடமையே ஆகும்.

2012இல் வந்த 'உஸ்தாத் ஓட்டல்' என்ற மலையாளப் படமும் இந்த வகையில் சேர்த்து எண்ணத்தக்கது. அஞ்சலி மேனன் எழுத்தில், அன்வர் ரஷீத் இயக்கியது. சுவிட்சர்லாந்தில் சமையல் கற்றுவந்த பேரன், கோழிக்கோட்டுக் கடற்கரையில் விடுதி நடத்தும் பாட்டனார் கரீமிடம் வந்து சேர்கிறான். பாட்டனார் அவனை உடனே அடுப்பருகே விடுவதில்லை. கீழ்நிலை வேலைகளைச் செய்யவைத்த பிறகே கரண்டியைக் கையில் கொடுக்கிறார். திலகனின் நடிப்பில் அந்தப் பெரியவர் நம் குடும்பத்து முதியவர் ஒருவரைப் போலவே நடமாடுகிறார். உழைப்பை இழிவாக எண்ணாதே என்ற பாடம் நல்ல பாடமே. ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. உரிமைக்காரனின் பேரனுக்கு அந்த வேலை சில நாட்களின் பயிற்சி. பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்பவனுக்கு அதுவே வாழ்க்கை. அவனுக்கு அதிலிருந்து கற்கப் பாடம் எதுவும் மிச்சமில்லை.

உள்ளே நின்று எழுதியவர்கள்

வாசலுக்கு அப்பால் நின்று எழுதியவர் எவரும் இல்லையா? ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் இருக்கிறார். வறுமையில் வாடிய காலத்தில் பாரிசு நகரத்து ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவி, அந்த அனுபவத்தை 1933இல் நூலாக வெளியிட்டார். நிலத்தடிச் சமையலறையின் வெக்கை, ஓயாத கூச்சல், சமையற்காரர்களுக்கும் பரிமாறுபவர்களுக்கும் இடையிலுள்ள படிநிலைகள், கதவைத் தாண்டி உணவுக்கூடத்தில் கால்வைத்த கணத்தில் பரிமாறுபவரின் முகமும் நடையும் மாறிவிடும் விந்தை ஆகிய யாவும் அதில் உள்ளன. அவர் அங்கே நின்றுவிடவில்லை. உழைத்து உறங்குவதைத் தவிர வேறெதற்கும் நேரமில்லாத ஒரு மனிதன் எதற்காக இவ்வாறு வைக்கப்பட்டிருக்கிறான் என்று கேட்டார். அந்தக் கேள்வி அந்த நூலை அனுதாபக் கதைகளின் வரிசையிலிருந்து உயர்த்துகிறது.

ஆர்வெல் பிறந்தது நம் நாட்டில், பீகாரின் மோதிஹாரியில், 1903இல். அந்தப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளைஞர்களே இன்று தமிழ்நாட்டு உணவு விடுதிகள் பலவற்றின் கழுவுமிடங்களில் நிற்கிறார்கள் என்பதை எண்ணும்போது, அந்த நூல் நமக்கு அயல்நாட்டு நூலாகத் தோன்றவில்லை.

தமிழில் இதற்கு மிக அருகே வருவது பெருமாள்முருகனின் 'நிழல் முற்றம்'. 1993இல் வெளிவந்தது. களம் உணவு விடுதியன்று. திரையரங்கு ஒன்றில் சோடாவும் தின்பண்டமும் விற்கும் சிறுவர்களின் வாழ்வு. ஆயினும் உழைப்பு அதில் உள்ளிருந்தே எழுதப்பட்டிருக்கிறது. அச்சிறுவர்களைப் புனிதர்களாக்கவில்லை, அவர்களுடைய வசைகளையும் சிறு திருட்டுகளையும் மறைக்கவில்லை, அவர்களை மீட்க ஒரு கெத்தேல் சாகிபையும் அனுப்பவில்லை. உறங்க இடமில்லாதவனின் உறக்கம் எத்தகையது என்பது அந்த நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும். திரையரங்குக்கு அவர் செய்ததை உணவு விடுதிக்குச் செய்யும் நாவலையே நாம் எதிர்பார்க்கிறோம்.

மலையும் முன்பணமும்

அத்தகைய நாவல் கல்வராயன் மலையிலிருந்து தொடங்கலாம் என்பது நம் எண்ணம். மூன்று ஜாகிர்தார்களின் கீழ் இருந்த அந்த மலை, நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்ற பின்னர், 1976இல்தான் முழுமையாக அரசின் ஆளுகைக்குள் வந்தது. அதுவரை மலையாளிப் பழங்குடியினர் ஜாகிர்தார்களுக்கு வரியும் கொடுத்து, கூலியின்றி வேலையும் செய்துவந்தார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நாடெங்கும் வந்ததும் அதே 1976இல். ஜாகிர் போயிற்று. ஆனால் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மேட்டு நிலம் ஒரு குடும்பத்தை ஆண்டு முழுவதும் காக்கவில்லை. மழை பொய்த்த ஆண்டில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பவர் மலையேறினார். கேரளத் தோட்டங்களுக்கும் கருநாடகத்துக்கும் ஆந்திரக் காடுகளுக்கும் கூட்டங் கூட்டமாய்ச் சென்றவர்கள் உண்டு. நம் பையனைப் போல அடிவாரத்து ஊர்களின் விடுதிகளுக்கு வந்தவர்களும் உண்டு. அவன் கணக்கின் முதல் வரி அவன் தந்தை வாங்கிய முன்பணமே. கணக்குத் தொடங்கும்போதே அவன் கடனாளி.

சட்டங்கள் இல்லாமலில்லை. உணவு நிறுவனங்களுக்கென்றே 1958இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, வேலை நேரத்துக்கும் வார விடுமுறைக்கும் வரம்பு வகுக்கப்பட்டது. 14 வயதுக்குட்பட்ட சிறுவர்களைத் தேநீர்க் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் வேலைக்கு வைப்பது 2006ஆம் ஆண்டு அக்டோபர் 10 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டது. கடைகளிலும் நிறுவனங்களிலும் நின்று வேலை செய்வோர்க்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழகச் சட்டமன்றம் விதித்தது. சட்டம் இருக்கையைத் தரலாம். உட்கார்வதற்கான நேரத்தை விடுதி தரவேண்டும்.

விடுதி நடத்துபவர்களின் பாடும் எளிதன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எரிவாயுவும் எண்ணெயும் வாடகையும் ஏறினாலும், இட்லி விலையை ஒரு ரூபாய் ஏற்றினால் முகஞ்சுளிப்பவர்கள் நாம்தாம். சிறு விடுதிகளில் முதலாளியே கல்லின் முன் நிற்கிறார். அவருக்கும் கூலியாளுக்கும் வேறுபாடு, கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பது மட்டுமே. குறைந்த விலைக்கு உண்ண விரும்பும் நம் விருப்பமும் அந்தப் பையனின் நீண்ட நாளில் ஒரு பங்கு வகிக்கிறது. நல்லதொரு நாவல் இதையும் விடாமல் சொல்லும்.

எழுத வேண்டியவர்கள்

இப்பொருளை எழுத நம் இல்லங்களிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் கறியையும் இரு கூடைகளில் வைத்து, தோளில் காவடியாய்ச் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். அந்தச் சுமைத் தண்டுக்கு மலாய் மொழியில் கந்தார் என்று பெயர். அதனாலேயே அந்த உணவு இன்றளவும் 'நாசி கந்தார்' எனப்படுகிறது. சமைத்தவர் பெயர் மறைந்தாலும் சுமந்தவரின் தோளை அந்தப் பெயர் மறக்கவில்லை. அதன் பிறகு மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்று விடுதிகளில் நின்ற நம் பிள்ளைகள் எத்தனை பேர்! வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் அவர்கள் அனைவரும் நலமென்றே எழுதினார்கள். வேலை என்ன என்று கேட்டால், ஓட்டலில் என்று ஒரு சொல்லில் முடித்துக்கொண்டார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கும் பதினாறு மணி நேரத்தை அவர்களே எழுத வேண்டும். உருக்கமாக எழுத வேண்டியதில்லை. பாடம் புகட்ட வேண்டியதுமில்லை. எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எங்கே உறங்கினார்கள், கை எரிந்தபோது எதை உண்டார்கள், கணக்கு எப்படி முடிக்கப்பட்டது என்பதை எழுதினால் போதும். பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களின் பெயர்களையும் எழுத வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளிமலைக்குச் சென்றிருந்தோம். மலைப்பாதை நல்ல தார்ச்சாலையாகிவிட்டது. கடைத்தெருவில் ஒரு சிறு விடுதியில் பரோட்டா வீசிக்கொண்டிருந்தவர் அந்த மலையையே சேர்ந்தவர். கீழ்நாட்டில் பல விடுதிகளில் வேலை பார்த்துத் தொழில் கற்றுத் திரும்பியவராம். நம் பையனின் வயதை ஒத்தவர்களைப் பற்றி விசாரித்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேரு என்னங்க ஐயா?" என்றார்.

சொல்ல நம்மிடம் பெயர் இல்லை. பேரேடு இன்றும் நம் அலமாரியில் இருக்கிறது. அதில் 17 நாட்கள் வரவேண்டியதாகவே நிற்கின்றன.